கேட்டுக்கு வெளியே திறந்த தயிர்க் கப்

தோல் பதனிடும் ஷாப்பை ஒட்டியிருக்கிற உங்கள் குழந்தைகள் காப்பகத்துக்குப் புதிதாகக் குளிர்பெட்டி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். கடையில் இப்போது பத்து விதமான தயிர்க் கப்புகள் இருக்கின்றனவாம். குழந்தைகளுக்கு எதை வாங்குவது என்று உங்களுக்குள் பேச்சு வந்து, கடைசியில் என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு வாய் திறக்காது. அதனால் எழுதித் தருகிறேன். நான் படித்தது பத்தாவதுவரைதான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளையாக இருப்பதை வாங்குங்கள். சர்க்கரை போடாததை வாங்குங்கள். சீக்கிரம் கெட்டுப்போகிறதை வாங்குங்கள். கெட்டுப்போகிறதா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. எண்பதுகளின் நடுவில் எங்கள் ஆபீசரும் அப்படித்தான் சுளித்தார். அவருக்குப் பதில் சொன்ன மனுஷியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயரை எழுதவில்லை, எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் எல்லாரும் மிஸ் என்று கூப்பிட்டோம், அப்படியே எழுதுகிறேன்.

அப்போது ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியும் தோல் பதனிடுகிற அதன் ஷாப்பும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. இந்தப் பக்கம் பெண்கள் ஷூவின் மேல்பாகம் தைப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், பச்சைத் தோலை முடி கழல ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழிகள், அவற்றின் நாற்றம். இரண்டுக்கும் நடுவில், தைக்கிற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு நீளமான அறை. பலகையில் குழந்தைகள் காப்பகம் என்று எழுதியிருந்தாலும் யாரும் அப்படிச் சொன்னதில்லை, கிரச் என்றுதான் சொல்வார்கள். நான் அங்கே எழுபதுகளிலேயே உதவியாளாகச் சேர்ந்துவிட்டேன். மிஸ் பல வருஷம் கழித்துப் பொறுப்பாளராக வந்தார். என்னைவிட வயதில் சின்னவர், படிப்பில் பெரியவர். பாலர் பள்ளிப் பயிற்சி முடித்தவர். ஜோலார்பேட்டையில் ரயில்வே குடும்பம். தினமும் காலை பாசஞ்சரில் வந்து சாயங்காலம் திரும்பிப் போவார்.

அவர் வந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேட்டுக்குள் காலை வைத்ததும் கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்தவர், மத்தியானம்வரை எடுக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் பிள்ளைகளைப் பார்க்க வந்த அம்மாக்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள்.

"இன்னா மிஸ்ஸு, எங்க ஊரு சென்ட்டு புடிக்கலையா?" என்றாள் மல்லிகா. வாய்த்துடுக்குக்காரி. அந்த வரிசையிலேயே வேகமாகத் தைப்பவளும் அவள்தான்.

"புடிச்சிடும். கொஞ்சம் டைம் குடு," என்றார் மிஸ், கர்ச்சீப்புக்குள்ளிருந்தே.

"பத்து நாள்ல ஒண்ணும் தெரியாது மிஸ். அப்புறம் உங்க ஊருக்குப் போனா, இன்னாடா இது வாசனையே இல்லன்னு பேஜாராய்டும்."

மல்லிகா விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் மிஸ் அதை மறக்கவில்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

மல்லிகாவின் மகள் பிரேமா. இரண்டு வயது தாண்டிய குழந்தை. அந்தக் கோடையில் அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்து வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, சலைன் ஏற்றி, எலும்பும் தோலுமாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பால் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், தயிர் கொடுங்கள், நல்ல தயிராகக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மல்லிகா அதுவரை வீட்டில் உறை ஊற்றிய தயிரைத் தூக்கில் கொண்டுவந்து வைப்பாள். ஆம்பூர் வெயிலில் பத்து மணிக்கே அது பொங்கி வழியும். தெருவில் பானையில் விற்றுக்கொண்டு போகிற தயிரை வாங்கவே கூடாது என்று கம்பெனி டாக்டரும் சொல்லிவிட்டார். மூடி போட்டு சீல் வைத்து வருகிற தயிர்தான் பிள்ளைகளுக்கு என்று ஏற்பாடாயிற்று.

மல்லிகாவுக்கு இன்னொரு பயமும் இருந்தது. ஏற்றுமதி ஆர்டர் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். பிள்ளைக்காக ஏற்கெனவே நிறைய லீவு எடுத்துவிட்டாள். இன்னொரு முறை பிள்ளை படுத்தால், அவள் மிஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். சூப்பர்வைசர் அதை வாய்விட்டே சொல்லியிருந்தார். "மிஸ், இவ வயிறுதான் என் வேலை," என்று மல்லிகா ஒரு நாள் பிரேமாவை எங்களிடம் கொடுக்கும்போது சொன்னாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

எந்தத் தயிர் என்று முடிவு செய்ய, கிரச்சையும் சேர்த்துக் கவனித்த கம்பெனியின் பர்சனல் ஆபீசர் மூன்று விதத்தை வரவழைத்தார். ஒன்று பிளாஸ்டிக் பாக்கெட்டில் வருகிற தயிர். இரண்டாவது, வேலூரில் ஒரு சின்னப் பால் பண்ணைக்காரர் கப்பில் உறைய வைத்து அனுப்புகிற வெள்ளைத் தயிர். மூன்றாவது பெங்களூரிலிருந்து வந்தது. ரோஸ் நிறம், ஸ்ட்ராபெரி வாசனை, பளபளவென்று தகடு மூடி, கப்பின்மேல் குல்லா போட்ட ஒரு முயல். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் மட்டுமல்ல, நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

ஆபீசர் நல்ல மனிதர். பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தவர். ஆனால் வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிறவர்கள் வந்து பார்க்கப்போகிறார்கள், அவர்கள் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்ற கவலையும் அவருக்கு இருந்தது.

"முயல் கப்பு மூணு வாரம் கெடாது மிஸ். பாருங்க, அதுலயே போட்டிருக்கான். இந்த வெள்ளை கப்பு ரெண்டு நாள் கூட தாங்காது."

"அதான் சார் எனக்கு இது வேணும்."

"கெடாததுதானே நல்லது?"

இந்த இடத்தில் நீங்கள் எங்கள் ஊரை நினைத்துப் பார்க்க வேண்டும். பச்சைத் தோல் வந்து இறங்கியதும் உப்பைக் கொட்டித் தேய்த்து அடுக்குவோம். கெட்டுப்போகாமல் வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. கெடாததுதான் உயர்ந்தது என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. கிரச்சின் சமையல்கார அம்மாவும் நானும் ஆபீசர் சொன்னதற்குத் தலையை ஆட்டினோம்.

"தோலு கெடக்கூடாது சார்," என்றார் மிஸ். "தயிருல உசுரு இருக்கணும். உசுரு இருந்தா அது புளிக்கத்தான் செய்யும். முயல் கப்பு ஏன் புளிக்கலன்னு நாளைக்குக் காட்டறேன்."

அன்று சாயங்காலம் வெதுவெதுப்பான பாலை மூன்று டம்ளரில் ஊற்றினார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தயிரில் ஒரு ஸ்பூன் விட்டுக் கலக்கி, மூடி வைத்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார். மறுநாள் ஆபீசரைக் கூப்பிட்டு மூடியைத் திறந்தார். பாக்கெட் தயிர் விட்ட பால் உறைந்திருந்தது. வெள்ளைக் கப் விட்டதும் உறைந்திருந்தது, கவிழ்த்தாலும் விழாது போல. முயல் கப் விட்ட பால் பாலாகவே கிடந்தது, கொஞ்சம் ரோஸாக.

ஆபீசர் டம்ளரை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். மிஸ் முயல் கப்பைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினார். அனுமதிக்கப்பட்ட நிறம், சேர்க்கப்பட்ட வாசனை, சர்க்கரை. பாலுக்கு அடுத்தபடி அதில் ஜாஸ்தி இருந்தது சர்க்கரைதான். "இது மிட்டாய் சார். மிட்டாய்னு சொல்லி குடுத்தா குடுக்கலாம், பண்டிகைக்கு. தயிருன்னு சொல்லி வயிறு கெட்ட குழந்தைக்கு நான் குடுக்க மாட்டேன்."

மத்தியானம் வந்த மல்லிகா விஷயத்தைக் கேட்டாள். அவர்கள் செக்‌ஷனில் ஒரு பழக்கம் உண்டு. தோலின் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்க, வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்ப்பார்கள். அவள் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து முயல் தயிரில் தேய்த்துத் தூக்கிக் காட்டினாள். துண்டு ரோஸாகியிருந்தது. "எங்க கிட்ட வந்தா ரிஜக்‌ஷன்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்தார். ஆனால் காலையில் ஒரு கப் ருசி பார்த்திருந்ததால் அவர் நாக்கும் ரோஸாக இருந்தது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

பாக்கெட் தயிரை மிஸ் குறை சொல்லவில்லை. ஆனால் அதை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி, கரண்டி போட்டு, கிண்ணம் கிண்ணமாக விட வேண்டும். இத்தனை கை படாமல் ஒரு பிள்ளைக்கு ஒரு கப் என்று போவதே நல்லது என்றார். வெள்ளைக் கப் முடிவாயிற்று.

பிள்ளைகள் ஒப்புக்கொள்ளவில்லை. முயலைப் பார்த்துவிட்டார்களே. வெள்ளைத் தயிரை ஒரு வாய் வைத்துத் துப்பினார்கள். மிஸ் சர்க்கரை டப்பாவைத் தொடவில்லை. சப்போட்டா, வாழைப்பழம், கிடைத்த நாளில் மாதுளை முத்து என்று பொடியாக நறுக்கி மேலே போட்டார். காலியான முயல் கப்பிலிருந்து முயலை வெட்டியெடுத்துச் சுவரில் ஒட்டினார். "முயலுக்குக் காட்டிட்டு சாப்பிடு" என்றார். ஸ்பூனைத் தூக்கி முயலுக்குக் காட்டிவிட்டு வாயில் போட்டுக்கொள்ளும் விளையாட்டு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பிரேமா முயலுக்கு ஊட்டியே விடுவாள். சுவர் அந்த இடத்தில் எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும். அதைத் துடைப்பது என் வேலை. அவள் கன்னத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை வைத்தது.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம்.

வெளிநாட்டுக்காரர்கள் வருகிற நாள் வந்தது. முன்தினமே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் மாவிலை கட்டியிருந்தோம். தயிர்க் கப்புகள் வேலூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் ஐஸ் பெட்டியில் வரும். அன்றைக்குப் பார்த்து பஸ் பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. வேறு பஸ் பிடித்துப் பெட்டி வந்து சேரும்போது வெயில் ஏறிவிட்டது. ஐஸ் எல்லாம் தண்ணீராகி அதில் கப்புகள் மிதந்துகொண்டிருந்தன.

மிஸ் ஒரு கப்பை எடுத்து மூடியின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். "ரோசியக்கா, மூடி லேசா உப்பியிருக்கா?" என்று என்னைக் கேட்டார். இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. திறந்து எனக்கு நீட்டினார். நான் மோந்து பார்த்தேன். தயிர் வாசனைதான். சமையல்கார அம்மா மோந்து பார்த்தார். நல்லாத்தான் இருக்கு என்றார். ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்து, கொஞ்சம் புளிப்பு, அவ்வளவுதான் என்றார். ஆபீசர் அங்கேதான் நின்றிருந்தார். அவரும் மோந்து பார்த்தார்.

"வெயில்ல வந்தா மூடி அப்படித்தான் இருக்கும் மிஸ். அடுக்குங்க, அவங்க வந்துடுவாங்க."

மிஸ் மோந்து பார்த்தார். ஒரு முறை, மறுபடி ஒரு முறை. கப்பைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல சார்."

"அதான் நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே."

"எனக்கு சுண்ணாம்புக் குழி வாடையும் தெரியல சார் இப்போ. இன்னைக்குக் காலைல உள்ள வந்தப்ப தெரிஞ்சுது. அதான் பயமா இருக்கு."

ஆபீசருக்குப் புரியவில்லை. எனக்கும் அந்த நிமிஷம் புரியவில்லை. பிறகுதான் யோசித்தேன். இவ்வளவு பெரிய நாற்றத்தை நாள் முழுக்க மோந்து மோந்து அதையே தெரியாமல் செய்துகொண்ட மூக்கு எங்களுடையது. அந்த மூக்கு ஒரு கப் தயிரில் இருக்கிற சின்னக் கோளாறைக் கண்டுபிடிக்கும் என்று எப்படி நம்புவது? எங்கள் நாலு பேர் மூக்கும் ஒரே மூக்குதான். நாலு பேர் சொன்னாலும் ஒருவர் சொன்ன மாதிரிதான்.

மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். ரயில்வே வீட்டுப் பெண்ணுக்கு எந்த வண்டி எப்போது வரும் என்று தெரியும். "பெங்களூர் வண்டி வர்ற நேரம். ரோசியக்கா, நீங்க ரெண்டு கப்பு எடுத்துக்குங்க. சார், நான் வர்ற வரைக்கும் ஒரு கப்பும் குழந்தைங்க கைக்குப் போகக்கூடாது."

"இன்னா மிஸ், வெளாடறீங்களா? அவங்க வர்றப்ப இந்த மேஜை மேல தட்டு இல்லைன்னா, நாளைக்கு நீங்க இங்க இருக்க மாட்டீங்க."

"சரி சார்," என்றார் மிஸ். சொல்லிவிட்டு நடந்தார். அந்த சரியை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று ஆபீசர் யோசிப்பதற்குள் நாங்கள் கேட்டைத் தாண்டிவிட்டோம்.

ஸ்டேஷன் பக்கத்தில்தான். வண்டி நின்றதும் மிஸ் ஒரு பக்கம் போனார், என்னை இன்னொரு பக்கம் அனுப்பினார். தனித்தனியாகக் கேட்க வேண்டும், ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் கப்பைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். முன்பின் தெரியாதவர்களிடம் பேசியே பழக்கமில்லை. இரண்டு பிள்ளைகளோடு இறங்கிய ஒரு அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இன்னாம்மா விக்கற? தயிரா? எவ்ளோ?"

"விக்கலைங்க," என்றேன். "கொஞ்சம் மோந்து பாத்து சொல்லுங்க."

"ஊரே இந்த நாத்தம் நாறுது. இதுல இதை வேற மோந்து பாக்கணுமா?"

"குழந்தைங்களுக்குங்க," என்றேன். அந்த அம்மா தன் பிள்ளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முந்தானையை எடுத்துவிட்டு கப்பை மூக்கருகே கொண்டுபோனவர் உடனே தள்ளிப் பிடித்தார்.

"அய்ய, கள்ளு வாடை அடிக்குதும்மா. இதையா குடுக்கப் போற?"

மிஸ் அந்தப் பக்கத்திலிருந்து வந்தார். ஒரு பெரியவரைக் கேட்டிருக்கிறார். பேக்கரியில் மாவு பொங்குகிற வாடை வருகிறது என்று அவர் சொன்னாராம். நான் கள்ளு என்றேன். மிஸ் கண்ணை மூடித் திறந்தார். "போதும்," என்றார். திரும்பி நடந்தார். வேலை போகப்போகிறது என்று தெரிந்து நடக்கிற நடை அது. ஆனால் வேகம் குறையவில்லை.

கிரச்சில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். பிரேமா முதல் ஆளாக ஸ்பூனைக் கையில் பிடித்துக்கொண்டு முயலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கப்புகள் மேஜையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஆபீசரே அடுக்கியிருக்கிறார். மிஸ் வந்த வேகத்தில், ரயிலில் வந்தவர்கள் சொன்னதைச் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்தார்.

"ரயில்ல வந்தவன் சொல்றதைக் கேட்டு எங்களையெல்லாம் முட்டாளாக்கறீங்களா? இதோ பாருங்க, நானே சாப்பிடறேன்." ஆபீசர் ஒரு கப்பைத் திறந்து நின்ற இடத்திலேயே வழித்துச் சாப்பிட்டார். "இன்னா ஆச்சு எனக்கு?"

"நீங்க சாப்பிடலாம் சார். உங்க வயிறு உங்களுது. இது மல்லிகா என் கையில குடுத்துட்டுப் போன வயிறு." குரலை உயர்த்தவே இல்லை. தட்டைப் பின்பக்கம் கொண்டுபோய், கப் கப்பாகத் திறந்து சாக்கடையில் கொட்டினார். நானும் கூடச் சேர்ந்து கொட்டினேன்.

வர வேண்டியவர்கள் வந்தார்கள். பிள்ளைகள் வாழைப்பழமும் பொட்டுக்கடலை மாவும் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களில் ஒரு அம்மா பிரேமாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிரேமா அவருக்கு முயலைக் காட்டினாள். அந்த அம்மா முயலுக்கு வணக்கம் வைத்தார். தயிர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஆபீசர் மட்டும் மிஸ்ஸைப் பார்க்காமலேயே போய்விட்டார்.

சாப்பாட்டு மணிக்கு மல்லிகா ஓடி வந்தாள். விஷயம் அதற்குள் மிஷின் மிஷினாகப் போயிருந்தது. பிரேமாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மிஸ் வேலை செய்வதையே மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மிஸ் ஒரு காலிப் பையோடு வந்தார். தன் டம்ளர், துண்டு, பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வைத்திருந்த துணிப் பொம்மை எல்லாவற்றையும் அதில் எடுத்துவைத்துவிட்டு, வழக்கம்போல் பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிட்டார். ஆபீஸிலிருந்து கூப்பிடுவார்கள் என்று நாங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். யாரும் வரவில்லை. ஆபீசர் அன்று வேலைக்கே வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் வந்தார். கொஞ்சம் வாடியிருந்தார். மிஸ்ஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திரும்பி வந்த மிஸ் பையிலிருந்து பொம்மையை எடுத்து ஆணியில் மாட்டினார்.

"இன்னா சொன்னாரு?" என்றேன்.

"இனிமே கப்பை கேட்டுக்கு வெளியவே வச்சு திறந்து பாக்கலாம்னு சொல்லிட்டாரு."

"அவருக்கு உடம்புக்கு இன்னாவாம்?"

"நான் கேக்கல."

சமையல்கார அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மல்லிகா கேட்டால் செக்‌ஷன் முழுக்கப் பரப்பிவிடுவாள். மிஸ் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "அவர் வயித்தைப் பத்தி நமக்கு எதுக்குக்கா? அவரும் குழந்தைங்களுக்குன்னுதான் பண்ணாரு," என்றார். இன்றுவரை நாங்கள் வெளியே சொல்லவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், மிஸ் செய்தது உங்களுக்கு உதவும் என்பதுதான். எதிர்த்து நின்று ஜெயித்தவர், அதைச் சொல்லிக்கொள்ளவே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் கிரச்சில் ஒரு வழக்கம் வந்தது. தயிர்ப் பெட்டி கேட்டுக்கு வெளியே இறங்கும். காலை ரயிலில் வருகிற மிஸ் உள்ளே வராமல், காம்பவுண்டுக் காற்றை மூச்சில் ஏற்றிக்கொள்ளாமல், ரோட்டிலேயே ஒரு கப்பைத் திறந்து பார்த்துச் சரி என்றால்தான் பெட்டி உள்ளே போகும். ஒரு முறை மிஸ் லீவு போட்டார். அன்று பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒருத்தியிடம் கப்பைக் கொடுத்தோம். மல்லிகா பார்த்துவிட்டாள். "அது எதுக்குக்கா? அங்கயும் தோல் ஷாப்புதான். பேரணாம்பட்டு மூக்கும் ஆம்பூர் மூக்கும் அக்கா தங்கச்சி," என்றாள். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு வாழைப்பழம்தான்.

சில வருஷங்கள் போயின. பிரேமா பள்ளிக்கூடம் போய்விட்டாள். மிஸ்ஸுக்குக் கல்யாணம் ஆகி ஆம்பூரிலேயே வீடு பார்த்து வந்துவிட்டார். ஆனாலும் காலையில் கேட்டுக்கு வெளியே கப்பைத் திறப்பது அவர்தான். அது அவர் ஏற்படுத்திய வழக்கம், அவர் வேலையைப் பணயம் வைத்துச் சம்பாதித்த இடம். அவரைத் தவிர யாரும் அதில் கை வைப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

எண்பதுகள் முடிகிற சமயம் விமலா என்று ஒரு பெண் உதவிக்குச் சேர்ந்தாள். ஜோலார்பேட்டையிலிருந்து அதே பாசஞ்சரில் வருவாள். வந்ததிலிருந்து கர்ச்சீப் மூக்கைவிட்டு இறங்கவில்லை. எல்லாரும் அவளையும் அதே கிண்டல் செய்தார்கள். கர்ச்சீப்பை மறைத்து மறைத்து வைத்துக்கொள்வாள். யாராவது பார்த்தால் முகத்தைத் துடைப்பது போல் நடிப்பாள்.

ஒரு காலை பெட்டி வந்து இறங்கியது. மிஸ் கப்பைத் திறந்து மோந்து பார்த்து, "நல்லாருக்கு," என்றார். பெட்டிக்காரர் தூக்கப் போனார். மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார். எதற்கு என்று எங்களுக்குத் தெரியவில்லை. மிஸ் சுவரைப் பார்த்தார், சுண்ணாம்புக் குழி இருக்கிற பக்கம். பிறகு திரும்பி, பின்னால் நின்ற விமலாவைப் பார்த்தார்.

"விமலா, இங்க வா. கர்ச்சீப்பை எடு."

அவள் பயந்துகொண்டே எடுத்தாள். மிஸ் கப்பை அவள் கையில் கொடுத்தார். அவள் மோந்து பார்த்துவிட்டு எங்கள் எல்லாரையும் பார்த்தாள்.

"சொல்லு."

"நீங்கதான் நல்லாருக்குன்னு சொல்லிட்டீங்களே மிஸ்."

"நான் சொன்னதை உடு. உனக்கு இன்னா தெரியுது?"

"லேசா..." என்றாள். "லேசா கள்ளு மாதிரி மிஸ்."

மிஸ் கப்பை வாங்கி இன்னொரு முறை மோந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தயிர் வாடையும் குழி வாடையும் அவருக்குத் தெரியவில்லை, ஆம்பூரில் குடிவந்து அவர் மூக்கும் எங்கள் மூக்காகிவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. பெட்டிக்காரரிடம், "எடுத்துட்டுப் போய்டுங்கண்ணா," என்றார். பிறகு விமலாவிடம், "நாளையிலேர்ந்து நீ திற. நான் பக்கத்துல நிக்கறேன்," என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு வாழைப்பழம் உரிக்க உள்ளே போனார்.

ரயிலுக்கு ஓடி அவர் செய்ததைவிட, இதைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன்.

போன வாரம் உங்கள் கேட்டைத் தாண்டி நடந்து போனேன். உங்களில் புதிதாக வந்த ஒரு பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் சட்டென்று கீழே இறக்கினாள். எதற்கம்மா இறக்கினாய்? கப்பை முதலில் உன்னிடம் கொடுக்கச் சொல்லத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். அந்த நாற்றம் உனக்குத் தெரியாமல் போகிற காலை ஒன்று வரும். அன்றைக்கு ஒளிக்காமல் சொல்லிவிட்டு, கப்பை அடுத்தவள் கையில் கொடு.